இருபத்து மூன்றாவது காம்பரா

என் நகைச்சுவைக் கட்டுரைகளை ஒரு வரி விடாமல் படித்தவர் என்று நான் அடித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். காரணம் ரசனை அல்ல, தொழில். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் அவள் தமிழ் டைப் செய்துகொண்டிருந்தாள். என் கையெழுத்தை வாசிக்க முடியவில்லை என்று பத்திரிகைக்காரர்கள் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. ஒருநாள் மூன்று பக்கம் அடித்து முடித்துவிட்டு எழுந்து நின்றாள். எழுந்து நின்றாலும் கணினிக்கு மேலே நெற்றியும் கண்களும்தான் தெரியும்.

"சேர், இதுல சிரிக்கிற எடம் எது?"

கிண்டல் என்றுதான் நினைத்தேன். இல்லை. "சொன்னீங்கன்னா அந்த எடத்த கொஞ்சம் தடிச்ச எழுத்துல போட்டுருவேன். படிக்கிறவங்களுக்கு லேசா இருக்கும்ல."

அவளுக்குக் கிண்டல் தெரியாது. பூசி மெழுகத் தெரியாது. நமக்கெல்லாம் நாக்குக்கும் மனசுக்கும் நடுவில் ஒரு சுங்கச் சாவடி இருக்கிறதே, அது அவளுக்கு வைக்கப்படவில்லை. பிறப்புச் சான்றிதழில் திகதியைச் சுரண்டித் திருத்திக்கொண்டு கொப்பி எடுக்க வந்த ஒருவரிடம், "அண்ணே, இந்த எட்ட நீங்களா போட்டீங்க? நல்லா விழல" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவர் அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகவே போகவில்லை. ஆனாலும் கடை முதலாளி அவளை அனுப்பிவிடவில்லை. அந்தக் கடையில் எடுத்த கொப்பி என்றால் அரசாங்கக் கச்சேரியில் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள் என்று பெயர் வந்துவிட்டிருந்தது.

இங்கே நான் அவள் பெயரைப் போடவில்லை. அவளைக் கேட்டால் பெயர், ஊர், தோட்டம், லய இலக்கம் எல்லாம் போடச் சொல்வாள். இதைப் படித்தால் ராகலையிலிருந்து போன் எடுத்து, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவும் செய்வாள். மறைப்பது நான்தான். எனக்கு அது நன்றாக வரும்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நானும் அவள் அம்மாவும் ஒரே லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த காம்பராக்களில் வளர்ந்தவர்கள். நான் படித்து ஆசிரியராகி ஹட்டனுக்கு வந்துவிட்டேன். அவள் அம்மா, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கொழுந்து பறிக்கப் போனார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் சேர். அவரது ஒரே பிள்ளை இவள். அப்பா இவள் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதானபோது, இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு பெண் மருத்துவர் அவளது உயரத்தையும் அகலமான கழுத்தையும் பார்த்துவிட்டு, இதுவரை வயசுக்கு வந்தாயா என்று கேட்டிருக்கிறார். அவளும் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். கண்டிக்கு அனுப்பினார்கள். கண்டியிலிருந்து இரத்தம் கொழும்புக்குப் போனது. பல வாரங்கள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. கிளினிக்கில் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் விளக்கினார்களாம். அம்மாவும் மகளும் மீதியை என்னிடம் கேட்க வந்தார்கள்.

நான் படிப்பிப்பது தமிழும் சமயமும். ஆனால் நிறையப் படித்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எதைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுவேன். பதினோராவது நிமிடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கும். தாளில் ஒரு படம் இருந்தது. மழைக்காலத்து அட்டைகளைப் பிடித்து ஜோடி ஜோடியாகப் படுக்க வைத்த மாதிரி. அக்கா அதைப் பார்த்ததும் தன்னையறியாமல் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டார்.

"அக்கா, இத ஒரு லயம்னு வச்சிக்கங்க" என்றேன். "இருபத்து மூணு காம்பரா. ஒவ்வொரு காம்பராவுலயும் ரெண்டு பேரு. ஆக நாப்பத்தாறு. எல்லா மனுசனுக்கும் ஒடம்புல இதுதான் கணக்கு. பிள்ளைக்குக் கடைசிக் காம்பராவுல ஒருத்தர்தான் இருக்காரு. நாப்பத்தஞ்சு."

அக்கா படத்தின் கடைசி வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மத்தவரு எங்க? கொழும்புக்கா?"

எங்கள் லயங்களில் ஆள் குறைந்தால், கொழும்புக்கு வேலைக்குப் போனார் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததில்லை. நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. ஒருவர் கூடிப்போகிற காம்பராவும் உண்டு என்று விளக்கினேன். மேட்டு லயத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு திரிவானே, அந்தத் தம்பிக்கு இருபத்தோராவது காம்பராவில் இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர். அதனால்தான் அந்த முகவெட்டு, அந்த மெதுவான பேச்சு. இவளுக்குக் குறைந்தது கடைசிக் காம்பராவில் என்பதால் புத்திக்கு ஒன்றும் இல்லை; உயரம் கொஞ்சம் குறையும், சூலகம் வேலை செய்யாது, இதயத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வளவும் சரியாகச் சொல்லிவிட்டேன். அக்கா கேட்டார்: "எனக்கு அந்தக் கடைசிக் காம்பராவுல ரெண்டு இருக்குல்ல தம்பி? ஒண்ண எடுத்து அவளுக்கு வச்சிர முடியாதா? கிட்னி குடுக்கிறாங்களே."

நான் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

பதினோராவது நிமிடம் அதற்குப் பிறகுதான் வந்தது. இது எப்படி வருகிறது என்று அவள் கேட்டாள். தெரியாது என்று சொல்லி முடித்திருக்கலாம். தாய்வழியாக வந்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கிரகணத்தன்று மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன், அதுதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அழுதிருக்கிறார். மகள் கண்டிக்குப் போய் மருத்துவரிடம் கேட்டு வந்தாள். பரம்பரை கிடையாது, கரு உருவாகிற நேரத்தில் பங்கு பிரிக்கும்போது தற்செயலாக நடக்கிற பிசகு, யார் மேலும் குற்றம் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் நின்றாள்.

"சேர், நீங்க சொன்னது தப்பு. அம்மாகிட்ட வந்து தப்புன்னு சொல்லிட்டுப் போங்க."

போனேன். லயத்து வாசலில் நின்று, பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்க்க, எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். ஆசிரியத் தொழிலில் நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதற்கான சந்தர்ப்பங்கள் பல இருந்தன.

பரிகாரமாகக் கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன். இப்படி எண்ணிக்கை பிசகி உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை பிறப்பதே இல்லை, ஆரம்பத்திலேயே கலைந்துவிடும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னேன். டைப் அடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "அப்ப நான் பாஸ்தானே சேர்" என்றாள்.

அந்தத் தாளை அவளே கடையில் லெமினேட் செய்து வைத்துக்கொண்டாள். பிறப்புச் சான்றிதழுக்கும் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் நடுவில் அது இருக்கும். ஒரு பாலர் பாடசாலை வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது அதையும் எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். இது என்ன சான்றிதழ் என்று கேட்டார்களாம். "எனக்கு என்ன இல்லன்னு இதுல போட்டிருக்குங்க" என்றாளாம். வேலை கிடைக்கவில்லை. அதையும் எல்லோரிடமும் சொன்னாள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று இருக்கிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவளுக்குப் பதினேழு வயதானபோது கூடப் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் பூப்புனித நீராட்டு விழா முடிந்துவிட்டிருந்தது. தண்ணீர்ப் பீலியடியில் பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள். கேட்பதுகூடப் பரவாயில்லை, கேட்காமல் பார்க்கத் தொடங்கினார்கள். அக்கா ஒரு முடிவு எடுத்தார். மகள் வயசுக்கு வரும்வரை காத்திருந்தது போதும், விழாவை வைத்துவிடுவோம் என்று. மகளுக்கு நடப்பது என்னவென்று புரிந்தபோது தாய்மாமன் மானாப் புல்லில் குடிசை கட்டி முடித்துவிட்டிருந்தார். ஹட்டனிலிருந்து வீடியோக்காரர் வந்தார். ஒலிபெருக்கி மூன்று மலைக்குக் கேட்டது. நான் வாழ்த்துமடல் எழுதி, மேடையில் நின்று, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். அதில் 'மொட்டவிழ்ந்த' என்ற சொல் நான்கு இடங்களில் வந்தது. அக்காவுக்கும் தாய்மாமனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும். வீடியோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் கமராவை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெட்கம் என்று நினைத்தோம்.

கண்டித் தாள் வந்து ஒரு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஆறு வருடத்துக்கு முன் விழாவுக்கு வந்த அன்பளிப்புகள் அதில் இருந்தன. எவர்சில்வர் தட்டுகள், தம்ளர்கள், இரண்டு குத்துவிளக்கு, ஒரு சுவர்க் கடிகாரம். லயம் லயமாகப் போனாள்.

"அத்தை, நான் வயசுக்கு வரல. இந்தாங்க ஒங்க வெளக்கு."

ஒருத்தர் விளக்கை வாங்கிக்கொண்டு திட்டினார். ஒருத்தர் திட்டிவிட்டு வாங்கவில்லை. ஒருத்தர் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நான் கொடுத்தது இதைவிடப் பெரிய அளவு என்று சண்டை பிடித்தார். எனக்கு என் வாழ்த்துமடல் திரும்பி வந்தது, கண்ணாடிச் சட்டத்தோடு. "எழுத்து நல்லாத்தான் இருக்கு சேர். வேற பிள்ளைக்குப் பேர மாத்திக் குடுக்கலாம்" என்றாள். என் கவிதைக்குக் கிடைத்த விமரிசனங்களில் அதுதான் நேர்மையானது. கொடுக்கவும் செய்தேன்.

அக்கா ஆறு மாதம் தண்ணீர் எடுக்க விடியும் முன் போய் வந்தார். இதற்கிடையே கண்டியில் கொடுத்த மாத்திரையில் அவளுக்கு மாத விலக்கு வர ஆரம்பித்தது. அக்கா ஒன்றும் பேசாமல் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து முன்னால் வைத்திருக்கிறார். மாத்திரைக்கு வந்தாலும் வந்தது வந்ததுதானே என்பது அவர் கட்சி. "இது டாக்டரம்மா குடுத்தது, தானா வந்ததில்ல" என்பது மகள் கட்சி. ஆனால் முட்டையைக் குடித்துவிட்டாளாம். விழா நடந்தபோது காரணம் இல்லை, காரணம் வந்தபோது விழா இல்லை என்று நான் ஒரு கட்டுரையில் எழுதினேன். அவள்தான் டைப் அடித்தாள். அந்த வரியில் மட்டும் கேட்காமலே தடித்த எழுத்துப் போட்டிருந்தாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதானபோது ராகலையிலிருந்து ஒரு வரன் வந்தது. மரக்கறி லொறி ஓட்டுகிறவர். மனைவி இறந்து மூன்று வருடம், பிள்ளை இல்லை. அக்காவுக்குத் தோட்டத்தில் பேர் வெட்டி ஓய்வில் அனுப்பும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்ற கேள்வியை அவர் கேட்காத நாள் இல்லை. இவ்வளவு காலத்தில் வந்த முதல் வரன் இது. பக்கத்துத் தோட்டங்களில் கதை தெரிந்ததால் எவரும் வரவில்லை. ராகலைக்குக் கதை போய்ச் சேரவில்லை.

அவள் கடையில் அவருடைய போட்டோவை என்னிடம் காட்டினாள். "எனக்கு இவர புடிச்சிருக்கு சேர். காது பெருசா இருக்கு பாருங்க. சொன்னா கேப்பாரு போல." அவளுக்கு இடது காது கேட்பது கொஞ்சம் மட்டம். காதின் அருமை தெரிந்தவள். அவள் ஒன்றை ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெண் பார்க்க வரும் நாளில் என்னை வரச்சொல்லி அக்கா ஆள் அனுப்பினார். தாளை அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்துவிட்டார். எனக்கும் வேலை தரப்பட்டது. "அவ வாயத் தொறந்தா நீங்க பேச்ச மாத்திருங்க தம்பி. ஒண்ணுமில்லாதத வச்சிப் பேச ஒங்களுக்குத்தான் வருமே. கல்யாணம் முடியட்டும், பொறகு மெதுவா சொல்லிக்கலாம்." மகளிடம், கேட்டால் ஒழிய எதையும் பேசாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

லொறிக்காரரும் அவருடைய தமக்கையும் வந்தார்கள். காது போட்டோவில் இருந்த மாதிரியே இருந்தது. நான் லீக்ஸைப் பற்றிப் பேசினேன். மழையைப் பற்றி, நுவரெலியா வளைவுகளைப் பற்றி, கரட் கழுவும் இடத்தில் வீணாகும் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தமக்கை தலையாட்டவில்லை. பெண் சிறிய ஆளாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், என்னிடம் திரும்பினார்.

"பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையேங்க?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்து நன்றி சொன்னார்.

"இருக்குங்க" என்றாள் அவள், தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்று.

"சேருக்குத் தெரியும், அம்மாவுக்காகச் சொல்றாங்க. எனக்குப் பிள்ளை பொறக்காது. பொறப்புலயே அப்பிடி. நெஞ்சுல பெரிய ரத்தக்கொழாய வருசா வருசம் கண்டியில பாக்கணும். மாத்திர விடாம குடிக்கணும். எனக்குச் சடங்கு வச்சாங்க, அது சும்மா வச்சது. இந்தக் காது கொஞ்சம் மட்டம், இந்தப் பக்கமா பேசுங்க." தட்டை நீட்டினாள். "சீனி போட்டிருக்கேன். வேணாம்னா வேற தர்றேன்."

தமக்கை தம்ளரை எடுத்து, குடிக்காமல், பலகையில் வைத்தார். லொறிக்காரர் மட்டும் முழுவதையும் குடித்தார், நிலத்தைப் பார்த்தபடி. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் படியிறங்கிய பிறகு அக்கா மகளைத் திட்டவில்லை. அழவும் இல்லை. "போயிட்டு வாங்க சேர்" என்று என்னிடம் சொன்னார். மகளிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கடையில் அவள் என்னிடம், "அம்மா சோறு போட்டுத் தருது, பேச மாட்டேங்குது" என்றாள். டைப் அடித்ததில் நிறையப் பிழைகள் இருந்தன. நான் திருத்தச் சொல்லவில்லை. போட்டோ என்னவாயிற்று என்று கேட்டேன். திருப்பி அனுப்பிவிட்டாளாம். "புடிச்சிருந்திச்சி சேர்" என்றாள், இறந்த காலத்தில்.

நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்கு லொறிக்காரர் தனியாகக் கடைக்குள் வந்தார். ராகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்னவர் என்று ஞாபகம் வைத்துத் தலையசைத்தார். அவளுக்கு வலது பக்கமாகப் போய் நின்றார்.

"மொத சம்சாரத்துக்கு நெஞ்சுல ஓட்டை" என்றார். "சின்ன வயசுலேயே அவங்க வீட்டுக்குத் தெரியும். எனக்குச் சொல்லல. அவளும் சொல்லல. சொன்னா நான் விட்டுருவேன்னு பயம். பிள்ள உண்டாகி ஆறாம் மாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டாக்டர் என்னத்தான் ஏசினாரு, ஏன்டா முன்னுக்கே சொல்லலன்னு. தெரிஞ்சிருந்தாலும் கட்டியிருப்பேன். ஆனா முன்னுக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல."

கடையில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"நீங்க கேக்காமலே எல்லாத்தையும் சொன்னீங்க. அதான் வந்தேன்."

கதையாக இருந்தால் இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். அவளோ, "சரிங்க. நீங்க என்ன மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வயசு" என்றார். "நாலு வருசம் கொறச்சிச் சொன்னோம். எங்க அக்காதான்..."

அவள் கையை நீட்டினாள். நம் நாட்டில் அடையாள அட்டை இல்லாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இலக்கத்தின் முதல் இரண்டு எண்ணிலேயே பிறந்த வருடம் இருக்கிறது. கடையில் ஒரு நாளைக்கு நூறு அட்டை பார்க்கிறவள், விரல்விட்டு எண்ணினாள்.

"நாலு இல்ல. ஆறு."

"ஆறுதான்" என்றார் அவர். அப்போதுதான் சிரித்தார். காதுவரை சிவந்துவிட்டது, சிவக்க நிறைய இடம் இருந்தது.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் குடையை எடுத்தாள். "வாங்க, அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. ஆறையும் சேத்துச் சொல்லுங்க."

நானும் வருகிறேன் என்று எழுந்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு நல்ல கட்டத்தைத் தவறவிட எந்த எழுத்தாளனுக்கும் மனசு வராது.

"நீங்க வேணாங்க சேர்" என்றாள், மிகவும் மரியாதையாக. "நீங்க கூட வந்தா அம்மா இதையும் பொய்யின்னு நெனச்சிக்கும். மொதலாளி வர்ற வரைக்கும் கடைய பாத்துக்கங்க."

வட்டவளை பஸ் எதிரே நின்றது. படி அவளுக்கு உயரம். அவர் கை கொடுக்கப் போகவில்லை. குடையை மட்டும் வாங்கிக்கொண்டு, அவள் கம்பியைப் பிடித்து ஏறி முடிக்கும்வரை கீழே நின்றார்.

நான் முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொப்பி எடுக்க மூன்று பேர் வந்தார்கள். அந்த மெஷினை எப்படி ஓட்டுவது என்று எனக்குத் தெரியாது. மெஷின் பழுது என்று சொல்லி மூன்று பேரையும் அனுப்பிவிட்டேன்.